சுட்டெழுத்து

எங்கள் மொட்டை மாடிக்கு மேல்
இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கும்.
தில்லி, பாலம் பக்கம், மஹாவீர் என்க்ளேவ்.
சக்கரம் வெளியே நீட்டியிருப்பது தெரியுமளவு தாழ்வாக.
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும்
கையை நீட்டிக் கத்துவார்கள்: ஹவாயி ஜஹாஜ்!
இழையினி மட்டும்
அது வருவதற்கு முன்பே
காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்,
எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்காத நேரத்தில்.

கெட்டிக்காரி என்றேன்.

சமத்து என்றார்கள் எல்லோரும்.
நான் ஆல்டரேஷன் தைக்கும் மிஷினுக்குக் கீழே
பட்டன் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பாள்.
நான்கு ஓட்டைப் பட்டன் ஒரு வரிசை,
இரண்டு ஓட்டை ஒரு வரிசை.
ஒன்றை நான் இடம் மாற்றினால்
தெரு முழுக்கக் கேட்கும்.
பெண்பிள்ளை, அடக்கமாக இருக்கிறாள், உனக்கென்ன குறை
என்றார் வீட்டுக்காரம்மா.
குறை என்று நான் சொல்லவே இல்லையே என்று
அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வேண்டுமென்றால்
என் மணிக்கட்டைப் பிடிப்பாள்,
முகத்தைப் பார்க்க மாட்டாள்,
இழுத்துப் போய் ஃபில்ட்டர் குழாய்மேல் வைப்பாள்.
என் கை அவளுக்குத் துறட்டி.
பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.
பாசம் இல்லை என்று பிறகும் யாரும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி.
நீல பிளாஸ்டிக் நாற்காலி, டோக்கன் நாற்பத்தொன்று.
டாக்டர் போரா மெதுவான இந்தியில் கேட்டார்:
உங்லி ஸே இஷாரா கர்த்தி ஹை?
சைகை காட்டுவாளாங்கிறாங்க, என்றார் இவர்.
அதில்லை.
டாக்டர் விரலை நீட்டி மின்விசிறியைக் காட்டினார்.
நான் பார்த்தேன். இவர் பார்த்தார்.
கதவருகே நின்ற செக்யூரிட்டிகூட அண்ணாந்தார்.
இழையினி பார்த்தது
விரல் நுனியில் உரிந்திருந்த நகப்பூச்சை.

சுட்டுவது.
அதைத்தான் கேட்கிறார்.
ஆத்தூரில் ஏழாம் வகுப்பு, பெஞ்சு மேல் நின்று ஒப்பித்தது:
சுட்டெழுத்து மூன்று.
தொலைவுக்கு அ. பக்கத்துக்கு இ.
அந்த இ-யை வைத்துத்தான் பதினோரு வருடமாக
இவரை இவர் என்கிறேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு உ.
அது இப்போ வழக்கில் இல்லை, விட்டுடு, என்றார் டீச்சர்.
விட்டுவிட்டேன்.
ஒரு மதிப்பெண் கேள்வி.

படிவத்தில் மூன்று கட்டம்:
எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை.
பேர் சொன்னால் திரும்புவாளா?
பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்குத் திரும்புவாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

பேசுவாளா?
இல்லை, என்றார் இவர்.
பேசுவாள், என்றேன்.
அப்போது அவளே எழுந்து, யாரையும் பார்க்காமல்,
மெட்ரோ அறிவிப்பின் குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு
தர்வாஸே பாயீ ஓர் குலேங்கே என்றாள்.
கதவுகள் இடப்பக்கம் திறக்கும்.
வீட்டுக்குப் போகணும்னு அர்த்தம், என்றேன்.
டாக்டர் பேனாவை எடுத்து
இன்னொரு முறை சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

ஆட்டிசம்.
தாளின் கடைசி வரியில் இருந்தது.
மாத்திரை? கிடையாது.
தையல் மிஷின் சத்தமா? இல்லை.
நான் வேலைக்குப் போனதா?
இல்லவே இல்லை என்று இதற்கு மட்டும்
என் கையைத் தொட்டுச் சொன்னார்.
செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி.
இவர் தாளை எட்டாக மடித்தார்.
நான் பிரித்து நீவிப் பையில் வைத்தேன்.
மடித்த கோட்டில்தான் எதுவும் முதலில் கிழியும்.

மாலை, துணி எடுக்கிறேன்.
இழையினி காதைப் பொத்துகிறாள்.
கிளிப்பை வாயில் கவ்வியபடி
அண்ணாந்து பார்க்கிறேன்.
ஒன்றுமில்லை. துவாரகா பக்கம் வெறும் புழுதி.
இன்னும் பார்க்கிறேன்.
ஒரு விளக்கு.